ஒன்பது அமைச்சர்கள், முந்நூறு கோப்புகள்: தென்னாபிரிக்க நீதி அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு நீதி அமைச்சர் மம்மொலோகோ குபாயி அவர்களுக்கு,

நிறவெறி ஆட்சியை எதிர்த்துப் போராடிய மத்தியூ கொனிவே, ஃபோர்ட் கலாட்டா, ஸ்பாரோ ம்கொன்டோ, சிசெலோ ம்லாவுலி ஆகிய நால்வரின் மரண விசாரணை 2025 ஜூனில் கெபெர்ஹாவில் (முன்னாள் போர்ட் எலிசபெத்) மூன்றாவது தடவையாகத் தொடங்கியது. அவர்கள் கொல்லப்பட்டது 1985 ஜூன் 27 இரவு. அந்தக் கொலைகள் தொடர்பாக மன்னிப்புக் கேட்டு வந்த ஆறு பாதுகாப்புப் பிரிவுப் பொலிஸாருக்கு, உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 1999இல் மன்னிப்பு மறுத்தது. யார் யார் என்று நாட்டுக்கே தெரிந்திருந்தது. அடுத்த படி வழக்கு. வழக்கு வரவில்லை. ஆறு பேரில் கடைசியாக உயிரோடிருந்தவர் 2023இல் இறந்தார். விசாரணையைத் திரும்பத் திறக்கும் அறிவிப்பு 2024 ஜனவரியில் வந்தது.

இதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். எண்பதுகளில் எங்கள் ஊர் ஆசிரியர்கள் பலர் நைஜீரியா, சாம்பியா என்று வேலை தேடி ஆபிரிக்காவுக்குப் போனார்கள். அப்படிப் போனவர்களில் நானும் ஒருத்தி. கடைசியில் உங்கள் நாட்டின் கிழக்கு கேப் பகுதியில் கணிதம் படிப்பித்து, அங்கேயே ஓய்வுபெற்று, அங்கேயே இருக்கிறேன். கொனிவேயும் ஆசிரியர்தான். கிரடொக்கின் லிங்கெலிஹ்லே குடியிருப்பில் பள்ளி அதிபராக இருந்தவர். கலாட்டாவும் ஆசிரியர். எங்கள் பள்ளி ஆசிரியர் அறைகளில் இந்த இரண்டு பெயர்களும் வீட்டு மனிதர்களின் பெயர் போலத்தான் புழங்கும். அவர்கள் எப்படிப் பாடம் நடத்தினார்கள், எந்தப் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தை யார் கட்டினார்கள் என்று மூத்த ஆசிரியர்கள் சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்தது என் உத்தியோக வாழ்க்கை. இந்த மடலை உங்கள் அமைச்சுக்கு ஆங்கிலத்தில் அனுப்புகிறேன். தமிழிலும் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. அதைக் கீழே சொல்கிறேன்.

அமைச்சர் அவர்களே, இப்படிப்பட்ட மடல்களுக்கு உங்கள் அமைச்சிலிருந்து என்ன பதில் வரும் என்று குடும்பங்களுக்கு மனப்பாடம். வழக்குத் தொடுப்பது தேசிய வழக்குத்தொடுநர் அதிகாரசபையின் வேலை, அது சுதந்திரமானது, அமைச்சர் அதில் கை வைக்கக் கூடாது. சரி, அது சட்டம்தான். ஆனால் அதே அரசியலமைப்பின் 179ஆம் பிரிவை முழுவதும் வாசியுங்கள். வழக்குத்தொடுநர்கள் அச்சமோ சார்போ இல்லாமல் வேலை செய்ய வேண்டும் என்று சொல்லும் அதே பிரிவு, அந்த அதிகாரசபைக்கான இறுதிப் பொறுப்பு நீதித்துறைக்கான அமைச்சருடையது என்றும் சொல்கிறது. இன்னொன்றும் இருக்கிறது. 1959ஆம் ஆண்டு மரண விசாரணைச் சட்டத்தின் 17அ பிரிவின்படி, பழைய மரண விசாரணை ஒன்றைத் திரும்பத் திறக்க வேண்டுமானால் நீதிமன்றத் தலைவரிடம் கேட்க வேண்டியவர் நீதி அமைச்சர். வழக்குத்தொடுநர் பரிந்துரைக்கலாம். குடும்பம் கெஞ்சலாம். கையெழுத்து உங்களுடையது. அந்தக் கையெழுத்துக்காக மாதக்கணக்கில் மேசையில் கிடந்த கோப்புகள் உண்டு. அந்த மாதங்களில் சாட்சிகள் செத்தார்கள்.

உங்கள் நாற்காலிக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனால் இந்த மடலை வாசிக்கும் எங்கள் ஆட்களுக்குச் சொல்ல வேண்டும். 1961 முதல் 1966 வரை அதில் உட்கார்ந்தவர் ஜோன் வோர்ஸ்டர். ஒருவரை 90 நாள் விசாரணையில்லாமல், சட்டத்தரணியைப் பார்க்க விடாமல் அடைத்து வைக்கும் சட்டத்தை 1963இல் கொண்டுவந்தவர். விடுதலைப் போராட்டத் தலைவர் ரொபர்ட் சொபுக்வே சிறைத்தண்டனை முடிந்து வெளியே வர வேண்டிய நேரத்தில், அவரை ஆண்டுக்காண்டு உள்ளேயே வைத்திருக்க நீதி அமைச்சருக்கு அதிகாரம் தரும் ஒரு பிரிவும் அதே சட்டத்தில் இருந்தது. அந்த 90 நாள் சட்டத்தின் கீழ் முதலாவதாக லுக்ஸ்மார்ட் இங்குட்லே அதே ஆண்டு செப்டெம்பரில் காவலில் இறந்தார். பிறகு வோர்ஸ்டர் பிரதமரானார். ஜொகனஸ்பேர்க்கில் 1968இல் திறந்த பொலிஸ் தலைமையகத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அந்தக் கட்டடத்தின் பத்தாவது மாடியிலிருந்து 1971 ஒக்டோபர் 27 அன்று அகமது டிமோல் என்ற இளம் ஆசிரியர் விழுந்தார். தானாகக் குதித்தார் என்று நீதவான் எழுதினார். 1982இல் மருத்துவர் நீல் அகெட் அங்கே தூக்கில் தொங்கியபடி கண்டெடுக்கப்பட்டார். அதுவும் தற்கொலை என்றார்கள். அந்தக் கட்டடத்தில் காவலில் இருந்து மட்டும் எட்டுப் பேர் செத்தார்கள்.

1974 முதல் நீதிக்கும் பொலிஸுக்கும் ஒரே ஆள் அமைச்சர், ஜிம்மி க்ரூகர். 1977 செப்டெம்பரில் கறுப்பின விழிப்புணர்வு இயக்கத் தலைவர் ஸ்டீவ் பீகோ காவலில் அடிபட்டு இறந்தபோது, உண்ணாவிரதம் இருந்து செத்தார் என்ற கதையை நாட்டுக்குச் சொன்னவர் அவர். பீகோவின் சாவு தனக்கு எந்த உணர்ச்சியையும் தரவில்லை என்று கட்சி மாநாட்டில் சொன்னவரும் அவர்தான். அதற்கு ஒரு மாதம் முன்னால், ஓகஸ்ட் 3 அன்று, டர்பன் பிரைட்டன் பீச் பொலிஸ் நிலையத்தில் பல் மருத்துவர் ஹூசன் ஹஃபெஜி இறந்து கிடந்தார். வயது 26. உடம்பெல்லாம் காயம். அதுவும் தற்கொலை என்றே எழுதப்பட்டது. 1980க்குப் பிறகு வந்த கோபி கூட்சே, மண்டேலாவோடு முதலில் பேசப்போன அமைச்சர் என்று நினைக்கப்படுகிறார். அவர் காலம் முடியும்போது அரசு தன் பாதுகாப்பு ஆவணங்களை டன் கணக்கில் எரித்துக்கொண்டிருந்தது.

ஆகவே 1994இல் டுல்லா ஓமர் நீதி அமைச்சரானபோது மக்கள் எவ்வளவு நம்பியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கேப் டவுன் சட்டத்தரணி, அரசியல் கைதிகளுக்காக வாதாடியவர். அவருடைய இருதய மாத்திரைகளை மாற்றி நஞ்சு வைத்துக் கொல்லப் பழைய அரசின் இரகசியப் பிரிவொன்று திட்டம் போட்டிருந்தது. அந்த மனிதர்தான் 1995இல் உண்மை மற்றும் நல்லிணக்கச் சட்டத்தைக் கொண்டுவந்தார். அதில் ஒரு பேரம் இருந்தது. முழு உண்மையைச் சொன்னால் மன்னிப்பு. சொல்லாவிட்டால், அல்லது மன்னிப்புக்கே வராவிட்டால், நீதிமன்றம். பீகோ குடும்பமும், கொல்லப்பட்ட சட்டத்தரணி கிரிஃபித்ஸ் ம்ஷெங்கேயின் குடும்பமும் இந்தப் பேரத்தை ஒப்புக்கொள்ளவில்லை. அரசியலமைப்பு நீதிமன்றத்துக்கே போனார்கள், 1996இல் தோற்றார்கள். நாட்டின் அமைதிக்காக உங்கள் உரிமையை விட்டுக்கொடுங்கள் என்றுதான் அந்தத் தீர்ப்பு அவர்களுக்குச் சொன்னது. அவர்கள் விட்டுக்கொடுத்தார்கள். பேரத்தில் அவர்களுடைய பாதி 1996இலேயே நிறைவேறிவிட்டது. அரசின் பாதிக்காகத்தான் இந்த மடல்.

மன்னிப்புக் கேட்டு வந்தவை 7,112 விண்ணப்பங்கள். கிடைத்தது 849 பேருக்கு. மறுக்கப்பட்டவை 5,392. ஆணைக்குழு தன் வேலையை முடித்தபோது ஏறத்தாழ முந்நூறு வழக்குகளை விசாரித்து வழக்குத் தொடுக்கும்படி அதிகாரசபையிடம் ஒப்படைத்தது. அன்றிலிருந்து அந்த முந்நூறும் ஒரு நீதி அமைச்சர் இன்னொருவருக்குக் கைமாற்றிவிட்டுப் போகும் பழைய தளபாடம் போல ஆகிவிட்டன. பெனுவெல் மடுனா காலத்தில் கோப்புகள் வந்து சேர்ந்தன. பிரிஜெட் மபண்ட்லா காலத்தில், 2005இல், வழக்குத்தொடுநர் கொள்கையைத் திருத்தினார்கள். மன்னிப்பு மறுக்கப்பட்டவருக்கும் பின்கதவால் மன்னிப்புக் கிடைக்கக்கூடிய திருத்தம் அது. குடும்பங்கள் பிரிட்டோரியா மேல் நீதிமன்றத்துக்குப் போய் 2008 டிசெம்பரில் அதை உடைத்தார்கள். அரசு தன் மக்களோடு வழக்காடித் தோற்றது. அந்தத் தீர்ப்பு வந்தபோது அமைச்சர் எனவர் சுர்ட்டி. அதற்குப் பிறகு ஐந்து ஆண்டு ஜெஃப் ரடெபே, இன்னும் ஐந்து ஆண்டு மைக்கல் மசுதா.

இந்த இடத்தில் வூசி பிகோலியின் சத்தியக்கடதாசியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. வழக்குத்தொடுநர் அதிகாரசபையின் தலைவராக இருந்தவர் அவர். இந்த வழக்குகளில் தன் வேலையில் முறையற்ற தலையீடு இருக்கிறது என்று 2007 பெப்ரவரியில் அமைச்சருக்கே எழுத்தில் அறிவித்ததாக, 2015இல் நீதிமன்றத்தில் சத்தியம் செய்து சொன்னார். 2007 செப்டெம்பரில் அவர் பணியிலிருந்து இடைநிறுத்தப்பட்டார். தலையீடு நடந்தது என்பதை 2019இல் மேல் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளும், டிமோல் கொலையில் குற்றஞ்சாட்டப்பட்ட ஜொவோ ரொட்ரிகஸின் வழக்கில், ஏற்றுக்கொண்டார்கள். விசாரிக்க வேண்டும் என்றார்கள். அந்த விசாரணைக்கு ஜனாதிபதி ஆணைக்குழு அமைத்தது 2025இல், அதுவும் இருபத்தைந்து குடும்பங்களும் உயிர்தப்பியவர்களும் ஜனவரியில் அவர் மீதே வழக்குப் போட்ட பிறகு. ஓய்வுபெற்ற நீதிபதி சிசி கம்பெபே அதற்குத் தலைமை தாங்குகிறார். நல்லது. ஆனால் தலையீட்டை விசாரிக்கும் நேரத்திலும் முதியவர்கள் செத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ரொட்ரிகஸ் 2021 செப்டெம்பரில் இறந்தார், வழக்கு தொடங்காமலே. அகெட்டை விசாரித்து வதைத்த அதிகாரி, மரண விசாரணை திரும்பத் தொடங்குமுன் 2019இலேயே போய்விட்டார். மத்தியூ கொனிவேயின் மனைவி நியாமெக்கா 2020இல் கண்ணை மூடினார். கொலைகாரர்களும் நீதி கேட்டவர்களும் ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறார்கள், அமைச்சர் அவர்களே.

தெம்பி சிமெலானேயைப் பற்றி. உங்களுக்கு உடனே முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர், 2024 ஜூலை முதல் டிசெம்பர் வரை. இவருடைய அக்கா நொகுதூலா சிமெலானே, விடுதலை இயக்கத்துக்காக இரகசியச் செய்திகளைக் கொண்டுபோய்க் கொடுத்த இளம் பட்டதாரி. 1983 செப்டெம்பரில் ஜொகனஸ்பேர்க் கார்ல்டன் சென்டரில் பாதுகாப்புப் பிரிவினர் கடத்திப் போனார்கள். அவருடைய உடல் இன்றைக்கும் கிடைக்கவில்லை. தங்கைதான் பல ஆண்டு அலைந்து, 2015இல் நீதிமன்றப் படியேறி, வழக்குத் தொடுங்கள் அல்லது மரண விசாரணையைத் திறவுங்கள் என்று அரசை நிர்ப்பந்தித்தார். பிகோலியின் சத்தியக்கடதாசி வெளியே வந்தது அந்த வழக்கில்தான். 2016இல் நான்கு முன்னாள் பொலிஸார் மீது குற்றம் சாட்டப்பட்டது. ஒருவர் செத்தார், இன்னொருவருக்கு மனநிலை தகுதியா என்ற வாதம், செலவை யார் கட்டுவது என்ற வாதம். அக்காவைத் தேடிய தங்கை நாட்டின் நீதி அமைச்சரே ஆனார். அப்போதும் வழக்கு விளக்கத்துக்கு வரவில்லை. அவர் வேறொரு சர்ச்சையில் அமைச்சு மாற்றப்பட்டார். அதைப் பற்றி இங்கே பேச்சில்லை. அந்த அமைச்சின் மேசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாலும் சொந்த அக்காவின் வழக்கை நகர்த்த முடியாதபடி இந்த இயந்திரம் இறுகிக் கிடக்கிறது என்றால், வெளியில் நிற்கும் ஏழை விதவைகள் என்ன செய்வார்கள் என்று கேட்கிறேன்.

நடந்த நல்லதை மறைக்க மாட்டேன். டிமோல் கொல்லப்பட்டார் என்று நீதிபதி பில்லி மோட்லே 2017இல் தீர்ப்பெழுதினார். அகெட், ஹஃபெஜி, கேப் டவுன் இமாம் அப்துல்லா ஹாரோன், இவர்களின் தற்கொலைப் பொய்களும் விபத்துப் பொய்களும் 2022, 2023இல் உடைந்தன. ஆபிரிக்க தேசிய காங்கிரஸின் தலைவராக இருந்த அல்பர்ட் லுத்துலி ரயில் மோதி இறக்கவில்லை, அடித்துக் கொல்லப்பட்டார் என்று 2025 ஒக்டோபரில் தீர்ப்பு வந்தது. 1982இல் கொல்லப்பட்ட பள்ளி மாணவர் தலைவர்களின் வழக்கில், நிறவெறி ஒரு குற்றமாகவே விசாரிக்கப்படலாம் என்று ஜொகனஸ்பேர்க் மேல் நீதிமன்றம் 2025 ஏப்ரலில் சொன்னது. அப்படிச் சொன்ன முதல் நீதிமன்றம் உலகிலேயே அதுதான். பாருங்கள், மனம் வைத்தால் நடக்கிறது. 1971இல் நடந்ததை 2017இல் ஒரு நீதிபதியால் கண்டுபிடிக்க முடிந்தது என்றால், 1999இல் எவ்வளவு சுலபமாகக் கண்டுபிடித்திருக்கலாம்!

அப்புறம் பணம். ஆணைக்குழு பாதிக்கப்பட்டோர் என்று ஏறத்தாழ 22,000 பேரின் பெயரை எழுதியது. ஆறு ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை கொடுக்கும்படி பரிந்துரைத்தது. 2003இல் அரசு ஒரேயொரு தடவை 30,000 ராண்ட் கொடுத்து முடித்துக்கொண்டது. அந்தப் பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு அதுவும் இல்லை. என்னோடு படிப்பித்த ஒரு மூத்த ஆசிரியை இருந்தார். 1985 அவசரகாலத்தில் பிடித்துப்போய் வைத்திருந்து, ஒரு காதின் கேட்கும் திறனைப் பறித்து அனுப்பினார்கள். வகுப்பில் எப்போதும் வலது பக்கம் திரும்பி நின்றுதான் பிள்ளைகளின் பதிலைக் கேட்பார். வாக்குமூலம் எடுக்கிறவர்கள் அவருடைய கிராமத்துப் பக்கம் வந்ததே இல்லை. 1997 முடிவோடு வாக்குமூலம் எடுப்பது நின்றுவிட்டது. பிறகு அவர் ஏறி இறங்கிய இடங்களில் எல்லாம் பட்டியல் மூடியாகிவிட்டது என்ற பதில்தான். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். நட்டஈட்டுக்காகப் பாராளுமன்றம் உருவாக்கிய ஜனாதிபதி நிதியத்தில் நூறு கோடி ராண்டுக்கு மேல் செலவழியாமல் கிடக்கிறது. அதை நிர்வகிப்பது உங்கள் அமைச்சு. 2023 கடைசியில், பாதிக்கப்பட்டோரின் அமைப்பான குலுமானியின் முதிய பெண்கள் அரசியலமைப்பு நீதிமன்றத்துக்கு வெளியே போர்வையோடு வந்து படுத்தார்கள். ஜொகனஸ்பேர்க்கின் குளிர் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பழைய சிறைச்சாலையின் செங்கற்களை எடுத்துக் கட்டிய நீதிமன்றம் அது. 1908இல் காந்தியும் தம்பி நாயுடுவும் கைதியாக இருந்த கோட்டை அதே குன்றில் நிற்கிறது. தில்லையாடி வள்ளியம்மையைப் புதைத்த பிராம்ஃபொன்டெயின் மயானம் பக்கத்தில். தமிழர்களுக்கும் அந்த மண்ணில் உரித்து உண்டு என்பதால் சொல்கிறேன்: அந்த வாசலில் பாட்டிமார் படுத்துக் கிடந்தது எங்களுக்கும் வலித்தது.

இனி, தமிழில் எழுதும் காரணம். ஆணைக்குழுவின் முதல் அமர்வு 1996 ஏப்ரலில் ஈஸ்ட் லண்டன் நகர மண்டபத்தில் நடந்தது. ஃபோர்ட் கலாட்டாவின் மனைவி நொமோன்டே சாட்சி சொல்லும்போது வீறிட்டு அழுத குரலை நாங்கள் ஆசிரியர் அறை வானொலியில் கேட்டோம். யாரும் வகுப்புக்குப் போகவில்லை. அதே ஆண்டு ஆடியில் யாழ்ப்பாணத்தில் என் தம்பியை ஒரு சோதனைச் சாவடியில் சைக்கிளிலிருந்து இறங்கச் சொன்னார்கள். சைக்கிளை மட்டும் பிறகு யாரோ கொண்டுவந்து வீட்டில் விட்டார்கள். அம்மா கடைசிவரை அதற்கு எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தா. அந்த நாட்களில் தென்னாபிரிக்காவைப் பார்த்து நான் எவ்வளவு ஏங்கினேன் என்று சொல்லத் தெரியவில்லை. இங்கே பெண்கள் மேடையேறிப் பேசினார்கள், ஆணைக்குழுவின் தலைவர் பேராயர் டுட்டு கூட இருந்து அழுதார், பொலிஸ்காரர்கள் வந்து இங்கேதான் புதைத்தோம் என்று காட்டினார்கள். எங்களுக்கும் ஒருநாள் இது வரும் என்று அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன்.

அதே எண்ணத்தை உங்கள் அரசும் எங்களுக்கு ஊட்டியது. இன்றைய ஜனாதிபதி சிரில் ரமபோசா, அன்று தென்னாபிரிக்காவின் விசேட தூதராக 2014 ஜூலையில் இலங்கைக்கு வந்தார். 2023 மார்ச்சில் இலங்கையின் நீதி அமைச்சரும் வெளிநாட்டு அமைச்சரும் உங்கள் நாட்டுக்கு வந்து ஆணைக்குழு எப்படி நடந்தது என்று கேட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு கொழும்பில் தென்னாபிரிக்க மாதிரி என்ற பேச்சு ஓயவில்லை. கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரி 20 முதல் வீதியோரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் போய், குற்றவாளிகளைத் தண்டிப்பதை விடுங்கள், தென்னாபிரிக்காவைப் பாருங்கள், மன்னித்து முன்னேறினார்கள் என்று சொல்கிறார்கள். அது பொய். தென்னாபிரிக்காவின் தாய்மார் எல்லோரும் மன்னித்துவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. உண்மை சொன்னவருக்கு மன்னிப்பு, சொல்லாதவருக்கு வழக்கு என்ற சட்டத்தை ஏற்று, அந்த வழக்குக்காக இன்னும் வாசலில் நிற்கிறார்கள். நீங்கள் அந்த இரண்டாம் பாதியைச் செய்யாமல் விட்டதால், செய்யத் தேவையில்லை என்று எங்கள் ஆட்சியாளர்கள் கற்றுக்கொண்டார்கள். உங்கள் முந்நூறு கோப்புகளின் தூசி கிளிநொச்சி வரை வந்து படிகிறது என்பதை உங்கள் அமைச்சு உணர வேண்டும்.

காணாமல் போனோரைத் தேடும் உங்கள் பணிக்குழுவைப் பற்றி மட்டும் எனக்குப் பொறாமை உண்டு. கிரடொக்குக்குக் கிட்ட போஸ்ட் சால்மர்ஸ் என்ற கைவிட்ட பொலிஸ் நிலையத்தில், 1985இல் கொன்று எரித்த, போர்ட் எலிசபெத் கறுப்பின மக்களின் அமைப்பான பெப்கோவின் மூன்று தலைவர்களுடைய எலும்புத் துண்டுகளை 2007இல் கழிவுக் குழியிலிருந்து அரித்தரித்து எடுத்தார்கள். குடும்பங்கள் 2009இல் அடக்கம் செய்தன. என் அம்மாவுக்குக் கிடைக்காதது அது. அந்தக் குழுவை எக்காரணம் கொண்டும் ஆளில்லாமல், காசில்லாமல் வாட விடாதீர்கள்.

நான் கேட்பவை இவை.

ஆணைக்குழு ஒப்படைத்த வழக்குகள் ஒவ்வொன்றும் எங்கே நிற்கிறது என்பதை முழுப் பட்டியலாக வெளியிடுங்கள். எது விசாரணையில் இருக்கிறது, எது மூடப்பட்டது, ஏன் மூடப்பட்டது, சந்தேகநபர் எவராவது உயிரோடு இருக்கிறாரா, கோப்புத் தொலைந்திருந்தால் எப்போது தொலைந்தது என்று எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பித்துப் பாராளுமன்றத்தில் வையுங்கள். 17அ பிரிவின் கீழ் உங்கள் மேசைக்கு வரும் பரிந்துரை எதுவும் முப்பது நாளுக்கு மேல் அங்கே கிடக்காது என்று உங்களுக்கே ஒரு விதி போடுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் குடும்பத்துக்குக் கொடுங்கள்.

எழுபது வயது தாண்டிய சாட்சிகளின் சாட்சியத்தை வழக்கு வரும்வரை காத்திருக்காமல் இப்போதே நீதிமன்றத்தின் முன் பதிவுசெய்ய வழி செய்யுங்கள். சந்தேகநபர்களின் வயதை வைத்து வழக்குகளை வரிசைப்படுத்தும்படி அதிகாரசபையிடம் கேளுங்கள். அது தலையீடு ஆகாது, இறுதிப் பொறுப்பு உள்ளவர் கேட்க வேண்டிய கேள்வி அது. முன்னாள் பொலிஸாரின் சட்டச் செலவை அரசு கட்டுவதா என்று ஆண்டுக்கணக்கில் இழுபடும் வாதங்களை ஒரே கொள்கையாகத் தீருங்கள். குடும்பங்களின் சட்டச் செலவுக்கும் அரசே ஒரு நிதி ஒதுக்கட்டும். இன்றுவரை அவர்களைத் தாங்குவது தொண்டு நிறுவனங்களும் கூலி வாங்காத சட்டத்தரணிகளும்தான்.

2003 முதல் உங்கள் அமைச்சுக்கும் அதிகாரசபைக்கும் இடையே இந்த வழக்குகள் பற்றி நடந்த கடிதப் போக்குவரத்து முழுவதையும் கம்பெபே ஆணைக்குழுவிடம் ஒப்படையுங்கள். இரகசியம் என்ற உரிமையைக் கோராதீர்கள். ஆணைக்குழு உட்கார்ந்திருக்கிறது என்பதைக் காரணம் காட்டி எந்த வழக்கையும் நிறுத்தி வைக்காதீர்கள். குடும்பங்கள் அரசியலமைப்பின் கீழ் கேட்ட 16.7 கோடி ராண்ட் இழப்பீட்டை நீதிமன்றமே தீர்க்க விடுங்கள்.

நட்டஈட்டுப் பட்டியலைத் திரும்பத் திறவுங்கள். வாக்குமூலம் எடுக்கும் ஆட்கள் போகாத கிராமங்களுக்கு இம்முறை போங்கள். ஜனாதிபதி நிதியத்தில் எவ்வளவு இருக்கிறது, யாருக்குக் கொடுத்தீர்கள், மீதியை எப்போது கொடுப்பீர்கள் என்று ஒரு தேதியோடு சொல்லுங்கள். குலுமானி பெண்களை உங்கள் அமைச்சுக் கட்டடத்துக்குள் அழைத்து, அந்தத் தேதியை அவர்களிடம் நேரே சொல்லுங்கள்.

கடைசியாக, அடுத்த தடவை இலங்கையிலிருந்தோ வேறெந்த நாட்டிலிருந்தோ அமைச்சர்கள் உங்கள் மாதிரியைப் படிக்க வந்தால், டுட்டுவின் படத்தையும் ஏழு தொகுதி அறிக்கையையும் மட்டும் காட்டி அனுப்பாதீர்கள். நொமோன்டே கலாட்டாவையும் அந்த மேசையில் உட்கார வைத்து, 1999க்குப் பிறகு என்ன நடந்தது என்று அவர் வாயால் கேட்கச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருத்தி,
ஈஸ்ட் லண்டன், கிழக்கு கேப்